கோப்பையில் போன மானம்

"இந்தக் கோப்பையை எல்லாம் இப்பவே உடைச்சுப் போடு, யாமிலா!"

மனைவி ப்ளாசிதாவோடு பரிசுப் பொருள் கடைக்குள் நுழைந்த தோன் எவெலியோ, கைத்தடியால் மேசையைத் தட்டினார். காபிக் கோப்பையில் அச்சாகியிருந்த கலங்கரை விளக்கப் படத்தில், உச்சிக் கம்பியில் ஒரு நீல அண்டர்வேர் காய்ந்துகொண்டிருந்தது.

"கப்பல்ல வர்றவங்க அதுக்காகவே வாங்குறாங்க, தோன் எவெலியோ. யாரோடதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"என்னோடதுதான்! அந்தப் பெரிய மஞ்சள் ஒட்டு, என் பொண்டாட்டி போட்டது. மூணு தலைமுறையா விளக்கு காத்த குடும்பம்மா இது! அந்தக் கோபுரத்துல மூணு சிவப்புப் பட்டையையும் வருஷா வருஷம் என் கையால பூசுறேன். அங்க என் அண்டர்வேர் தொங்குற படத்தை ஊரெல்லாம் விக்கிறியா?"

ப்ளாசிதா கோப்பையை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

"ஒட்டு நான் போட்டதுதான்" என்றாள். பிறகு விரல் வைத்து எண்ணினாள். "ஆனா இதுல ரெண்டு பட்டைதானே இருக்கு?"

யாமிலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ரெண்டு பட்டைன்னா அக்கரை விளக்கு, தோன்யா ப்ளாசிதா. விதவை ரெமெதியோஸ் குடியிருக்காளே, அது."

தோன் எவெலியோ கைத்தடியை மெல்லக் கீழே இறக்கினார்.

"எதையும் உடைக்காதே, யாமிலா" என்றாள் ப்ளாசிதா. "எனக்கு அண்ணன் தம்பி ஏழு பேர். ஆளுக்கு ஒண்ணு கட்டிக் கொடு."