பூட்டி வைத்த ஆல்பம்

"ஞாயித்துக்கெழமையானா இங்கதான் கெடக்கறாரு எங்கூட்டுக்காரரு. நான் எட்டிப் பாத்தா டக்குனு மூடிப்புடறாரு. யாரு போட்டோ அது, ரோஸ்மேரி?"

கோமளா கேட்ட வேகத்தில், பிரவுசிங் சென்டர் ரோஸ்மேரி எழுந்தே நின்றுவிட்டாள்.

"எனக்கெப்படிக்கா தெரியும்? சிவராஜ் அண்ணன் நெட்டுல ஆல்பம் போட்டு, பாஸ்வேர்டு வச்சுப் பூட்டியிருக்காவ."

"தொறந்து காட்டு கண்ணு. எவளாச்சும் இருந்தா இன்னைக்கே எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்."

ரோஸ்மேரி அரை மனதோடு ஆல்பத்தைத் தேடி எடுத்தாள். பாஸ்வேர்டு மறந்துபோனால் ஞாபகம் வர, சிவராஜ் ஒரு குறிப்பு போட்டிருந்தான்: மூத்த குழந்தை பேர்.

"அட, உங்க மக இனியா பேருதான்!" சிரித்துக்கொண்டே அடித்தாள். திறக்கவில்லை. இனியாவின் செல்லப் பேரையும் போட்டுப் பார்த்தாள். ம்ஹூம்.

ரோஸ்மேரியின் சிரிப்பு காணாமல் போனது. "அக்கா... அண்ணனுக்கு வேற எங்கயும் பிள்ளை..."

கோமளா கீபோர்டை இழுத்து, எழுத்தெழுத்தாய்த் தேடி அடித்தாள். கவின்.

திறந்தது. ஒரே ஒரு போட்டோ. பனியன் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை.

"யாருக்கா இது?"

"இனியாவுக்கு முன்னாடி பொறந்தவன். ஒரே நாள்தான் இருந்தான். செத்த கொழந்த போட்டோ ஊட்டுல இருக்கக் கூடாதுன்னுட்டாங்க பெரியவங்க. இவருதான் கொண்டுபோய் அடுப்புல போட்டாரு. அதுக்கு முன்னாடியே இதுல ஏத்தியிருக்காரு பாரு. கல்நெஞ்சுக்காரருன்னு இத்தன வருசமா வஞ்சுட்டிருக்கேன்."

"பிரிண்ட் போடட்டுமாக்கா?"

"வேண்டாங் கண்ணு, மூடிரு. அவரு வாரப்ப, பக்கத்துல எனக்கும் ஒரு சேர் போட்டு வை."