ஏற்றம் எழுதும் பலகை

உங்கள் வீட்டுக் கடிகாரத்தை யாராவது உத்தரவு போட்டுத் திருப்பி வைத்திருக்கிறார்களா?

அவள் வீட்டில் வைத்தார்கள். அந்நியப் படை ஊரைப் பிடித்த பத்தாம் நாள், எல்லாக் கடிகாரங்களும் அவர்கள் நாட்டு நேரப்படி மூன்று மணி நேரம் பின்னால் போயின. உச்சி வெயில் காலை ஒன்பது மணிக்கே அடித்தது. பசி மட்டும் பழைய நேரத்துக்கே வந்தது.

துறைமுகத்தில் அவளுக்கு ஒரே வேலை. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். ஏற்றத்தைத் தவறவிட்ட கப்பல் முகத்துவாரச் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

மறுநாள் கிளம்பும் கப்பலில் அவள் தம்பி கைதியாக இருந்தான். அவனோடு ஊர்ப் படகோட்டிகள் நாற்பது பேர். அப்படிக் கொண்டுபோனவர்களில் இதுவரை ஒருவரும் திரும்பியதில்லை.

கப்பலுக்கு வழிகாட்ட ஆள் தேடியபோதுதான் படை அதிகாரிக்குத் தெரிந்தது, வழி தெரிந்தவர்கள் எல்லோரையும் அடித்தட்டில் போட்டுப் பூட்டியாயிற்று.

மிச்சம் இருந்தது பலகைதான்.

அதிகாரி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். கடலை முதன்முதலாகப் போன மாதம் பார்த்தவர். அவர் பேச்சை ஊர் மொழியில் சொல்ல ஊர்க்காரன் ஒருவன் கூட வந்திருந்தான். ஊரில் அவனுக்குக் கிளி என்று பெயர்.

"அக்கா, உன் தம்பி உள்ள இருக்கிறது இவருக்குத் தெரியுமாம். புத்தகத்துல இருக்கிறத அப்படியே எழுதணுமாம். ஒரு நம்பர் மாறினாலும் உன்னையும் ஏத்திடுவாராம்."

"அப்படியே எழுதுறேன்னு சொல்லு. நம்பிக்கை இல்லேன்னா அவரையே சரிபார்க்கச் சொல்லு."

ஏற்றம், காலை 6.10 என்று எழுதினாள்.

அதிகாரி எண்ணுக்கு எண் விரல் வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை. பலகையின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

கிளி புத்தகத்தின் அட்டையைப் பார்த்தான். இந்த வருஷத்துக்காகப் போன வருஷமே அச்சிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

புத்தகத்தை மூடி அவளிடமே கொடுத்தான்.

மறுநாள் காலை, புதிய நேரப்படி ஆறு பத்துக்குக் கப்பல் கிளம்பியது. கடலுக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை. அது மூன்று மணி நேரம் முன்பே ஏறி முடித்து, வற்றிக்கொண்டிருந்தது. கப்பல் சேற்றில் உட்கார்ந்து சாய்ந்தது; அடித்தட்டுக் கதவின் பூட்டு தெறித்தது. காவலர்கள் பூட்ஸோடு குதித்து இடுப்புவரை புதைந்தார்கள். சேறு பழகிய கைதிகள் வெறுங்காலோடு இறங்கி வீட்டுக்கு நடந்து போனார்கள். விசாரிக்க வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். அடியில் அதிகாரியின் கையெழுத்து இருந்தது.