காலியான பள்ளம்

“ஸ்க்ரூ டிரைவரக் குடுங்கப்பா, இந்தப் பெட்டியத் தொறந்தே ஆகணும்.”

கம்ப்யூட்டரைத் திறக்க அப்பாவிடம் கேட்கவே கூடாதென்று அம்மா சொல்லியிருந்தாள். மாரிக்கனி கேட்டுவிட்டாள். வெளியூர் வேலைக்கான ஆன்லைன் தேர்வைத் திறந்தாலே கேமரா டிரைவர் கோளாறு, பின்னாலேயே மெமரி கோளாறு, திரை நீலமாகிவிடும். பத்து நாளாய் இதே கூத்து.

“டிகிரி வாங்கிட்டா மெக்கானிக் ஆயிருவியோ?” என்றார் அப்பா, ஸ்க்ரூ டிரைவரைத் தராமல்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கத்திமுனையால் திருகைக் கழற்றினாள். எது இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடவே ஓடாதோ, அந்த ரேம் பட்டை இருக்கவேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

அப்பா சட்டைப்பையிலிருந்து அந்தப் பச்சைப் பட்டையை எடுத்தார். “மொத நாளே கழத்திட்டேன் தாயி. நீ போயிரக் கூடாதுல்லா.”

“அப்ப பத்து நாளா ஓடுனது எதுப்பா?”

பிளக் தரையில் கிடக்க, திரை மெல்ல விழித்தது. கேமராவில் அப்பா மட்டும் தெரிந்தார். பக்கத்தில் நின்ற மாரிக்கனி அதில் இல்லை.

இது சரியாகாவிட்டால் தேர்வை நேரிலேயே எழுத வருவதாகக் கம்பெனிக்குக் காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள். சான்றிதழ் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.