ஈரத் துண்டு

சீசன் முடிந்தால் எங்கள் ஏரிக்கரையில் ஈ, காக்கை இருக்காது. வேடிக்கை பார்க்க எனக்கு மிஞ்சுவது எதிர் லாட்ஜின் துணிக்கொடிதான். ஒருத்தரும் தங்காத லாட்ஜில் தினமும் காலையில் ஆம்பளைத் துண்டு ஒன்று சொட்டச் சொட்டத் தொங்கினால் கேட்காமல் இருக்க முடியுமா?

"யாரு வந்திருக்காங்கக்கா?"

"யாரும் இல்லடி" என்று லாட்ஜ்கார அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் புருஷன் ஏரிக்குக் குளிக்கப் போய்த் திரும்பாமல் வருஷக்கணக்காகிறது. அதனால் என் சந்தேகம் வேறு மாதிரி ஓடியது. பாதி ஊருக்கு அதைச் சொல்லியும் வைத்தேன்.

போன மாதம் அக்காவின் மகள் வந்து லாட்ஜைப் பூட்டி, அவளைக் கையோடு கூட்டிப் போனாள். கிளம்பும் முன் பெட்டியோடு என் வாசலில் நின்று, "போறேன்டி" என்றாள் அக்கா.

"போயிட்டு வரேன்னு சொல்லுங்கக்கா."

"அப்படிச் சொல்லிட்டுப் போனவருதான் தினமும் வந்துட்டிருக்காரு. இனிமே வந்து பூட்டுன கதவப் பாத்துட்டு நிப்பாரேடி."

என் வாய் சும்மா இருக்குமா? "நிம்மதியாப் போங்க. வந்தா நான் பாத்துக்கறேன்" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மறுநாள் காலையில் லாட்ஜ் கொடி காலி. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பினால், என் கொடியில் என் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. ஏரிப் பாசி வாசம். வீட்டில் நான் ஒருத்திதான். நான் இன்னும் குளிக்கவில்லை.

இப்போதெல்லாம் காய்ந்த துண்டு ஒன்றைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் பிழிந்து உலர்த்துகிறேன். அது யாருடையது என்று கேட்கத்தான் எதிரில் ஆளில்லை.