ஆழம் எத்தனை அடி?

நீச்சல்குளம் சுத்தம் செய்யும் சாமான்களைச் செல்வமேரியின் ஹாலில் பரப்பினான் செந்தமிழன். ஒரகடம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்களுக்கே விற்றுப் பழகியவனுக்கு, சொந்த வீட்டுக்காரி ஒருத்தி போன் பண்ணிக் கூப்பிட்டதில் தலைகால் புரியவில்லை.

"நானும் அடுத்த தெருவுல பிளாட் வாங்கிட்டேன் மேடம். அடுத்த மாசம் பூமி பூஜை. அருமையான ஏரியா!"

"அப்டியா?" என்றவள், வலையைத் தூக்கிப் பார்த்தாள். "இதுல தவளை வருமா?"

"தாராளமா அள்ளலாம் மேடம்."

"பாம்பு?"

"கைப்பிடி நீளம். பயமே வேணாம்."

"செருப்பு, குக்கர் மூடி?"

பணக்காரர்கள் குளத்தில் என்னதான் பண்ணுகிறார்களோ! டிவியைக்கூடக் கூரையை ஒட்டி மாட்டியிருந்தார்கள்.

"அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்காதா மேடம்?" என்று சிரித்தான்.

"பழகிப்போச்சி. வலை ரெண்டு, பிரஷ் ஒண்ணு, குளோரின் ஒரு டப்பா குடு."

அவன் அளவு டேப்பை எடுத்தான். "குளத்தைக் காட்டுங்க. ஆழம் தெரிஞ்சாதான் குளோரின் எவ்ளோன்னு சொல்ல முடியும்."

"நீ குந்திகினு கீறதே குளத்துலதான்பா."

"மேடம்?"

"மழை வரட்டும், பாரு. ஏரிய மூடி பிளாட் போட்டானுங்க. ஏரிக்குத்தான் ஒருத்தனும் சொல்லல."

செந்தமிழன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டேப்பின் ஒரு முனையை டிவிக்கு அடியில் வைத்தான்.

"அக்கா, அந்த முனையைத் தரையில கொஞ்சம் பிடிங்க."