ஒற்றைத் தென்னைக்குப் பின்னால்

"தூக்கிப் போடுங்களேன். அதைப் போய் ஏன் இப்படிக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் வீரலட்சுமி.

"எறியக் கூடாது லெச்சுமி. எறிஞ்சா சங்கிலி அது மேலயே சுத்திக்கும். மெதுவா இறக்கணும்." தொட்டிலில் பிள்ளையைப் படுக்க வைக்கிறவன் மாதிரி செல்லதுரை புது நங்கூரத்தைத் தண்ணீருக்குள் விட்டான்.

கொச்சியில், மட்டாஞ்சேரி படகு ஜெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி, பனி விலகாத ஞாயிற்றுக்கிழமைக் காலை. சின்னப் பாய்மர வள்ளத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். ஜெட்டியில் தேவரா ஊர்க்காரர் ராமபத்ரன் சாயா குடித்தபடி காத்திருந்தார். வள்ளத்தை விலை பேசி எடுத்துப் போக வந்தவர்.

புருஷன் பெண்டாட்டிக்குள் பந்தயம் இதுதான். வெயில் ஏறும் வரை நங்கூரம் வழுக்காமல் நின்றால் வள்ளம் செல்லதுரைக்கு. வழுக்கினால் ராமபத்ரனுக்கு.

எல்லாம் பழைய நங்கூரம் செய்த வேலை. போன மாதம் அந்த நாலு கொக்கி நங்கூரத்தை நம்பி, வள்ளத்திலேயே கண் அயர்ந்துவிட்டான். வாரமெல்லாம் கார்ப்பரேஷன் லாரியோடு மல்லுக்கட்டுகிற உடம்பு, காற்றுப் பட்டதும் தூங்கிவிட்டது. விழித்தபோது கடல் வாயில், அழிமுகத்தில் இருந்தான். வைப்பின் தீவு மீன்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். அன்றைக்குப் போன வீரலட்சுமியின் தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

"இதுவும் அதே மாதிரி கைவிடாதுன்னு என்ன நிச்சயம்?"

"அது பாறைக்கு உள்ளது. இங்க அடியில முழுக்கச் சேறு. தயிர்ல கரண்டி மாதிரி வந்துடும். இது பாரு, ரெண்டு பக்கமும் அகலமா தகடு. இழுக்க இழுக்க உள்ளே புதையும்."

ஜூ டவுன் என்கிற பழைய யூதர் தெருவின் கடைகளில் அழகழகான நங்கூரங்கள் கிடைக்கும். எல்லாம் ஓட்டல் வாசலில் சாத்தி வைக்கத்தான் லாயக்கு. ஒரு கடைக்காரரின் பின்கட்டில், துருப்பிடித்துக் கிடந்த இதை இவன் கண்டுபிடித்தான். அந்தப் பெருமை அவன் முகத்தில் இன்னும் வடியவில்லை.

ஆழத்துக்கு ஐந்து மடங்கு கயிறு விட்டு முனையைக் கட்டினான். பாயை எதிர்க் காற்றில் பிடித்தான். வள்ளம் பின்னால் நகர்ந்தது, ஒரு முறை தலையாட்டியது, நின்றது.

"சேத்தைக் கடிச்சிடுச்சு! இனி அடையாளம் வேணும். அக்கரையில ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால, நேர் கோட்டுல. ரெண்டும் விலகாம இருந்தா நாம நகரலைன்னு அர்த்தம். நீயே சொல்லு, எனக்கு எல்லாம் மூட்டமாத் தெரியுது."

மூட்டத்துக்குப் பனி மட்டும் காரணமில்லை. "தண்ணில விழுந்துடும், கொடுங்க" என்று ஜெட்டியிலேயே அவன் மூக்குக்கண்ணாடியை வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள் வீரலட்சுமி.

அவள் அக்கரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அதோ, அந்த ஒத்தத் தென்னை. அதுக்கு நேர் பின்னால, கொட்டாய்க் கூரைக்கு மேல வெள்ளையா, வரிசையா ஜன்னலோட."

"ஓ, அந்த ஃபிளாட்டா? மதி, அது போதும். நல்ல அடையாளம்."

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் வள்ளத்தின் வயிற்றைத் தட்டிக்கொண்டே கடலுக்கு இறங்கியது. கரையிலிருந்து ஏலக்காய் வாசமும் சுக்கு வாசமும் மிதந்து வந்தன. வானம் எது, காயல் எது என்று தெரியாத ஒரு வெளுப்பு. வீரலட்சுமி காலை நீட்டி, பலகையில் தலை சாய்த்தாள்.

"கை வலிக்குதா?" என்று கேட்டான்.

"நேத்து பூரா அவசர இஸ்திரி. அத்தனையும் வெள்ளைச் சட்டை. விடியறதுக்குள்ள கொடுத்தாகணும்னு உயிரை எடுத்துட்டாங்க."

அவன் அவள் கையை எடுத்து, இறுகி நின்ற கயிற்றின் மேல் வைத்தான். "நங்கூரம் வழுக்கினா கயிறு நடுங்கும். தொட்டுப் பாரு."

கயிறு நடுங்கவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை. இப்படி ஓர் இடம் இத்தனை பக்கத்தில் இருந்ததா, இதற்குத்தான் இந்த மனுஷன் வாரம் தவறாமல் ஓடி வந்தானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எப்போது கண் மூடினாள் என்று தெரியாது. எத்தனையோ நாள் கழித்து, நன்றாகத் தூங்கினாள்.

விழித்தபோது செல்லதுரை அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"விலகிடுச்சு லெச்சுமி."

தென்னை அங்கேயே நின்றது. வெள்ளை அதைவிட்டு இடப்பக்கம் நழுவியிருந்தது. பார்க்கப் பார்க்க இன்னும் நழுவியது.

"கயிறு நடுங்கவே இல்லை. ஆனா கண்ணு பொய் சொல்லுமா? நாமதான் அழிமுகத்துப் பக்கம் போயிட்டிருக்கோம்." பெருமூச்சு விட்டான். "போகட்டும். ராமபத்ரன் சேட்டன் எடுத்துக்கட்டும்."

"வருத்தமா இல்லையா?"

"இருக்கு, ரொம்ப இருக்கு. ஆனா நீ இப்பத் தூங்கினியே, அதைப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். வீட்டுல நீ இப்படித் தூங்கி எத்தனை நாளாச்சு? உன் ஒறக்கத்தைக் கெடுத்து எனக்கு என்ன வள்ளம்?"

நங்கூரத்தைத் தூக்கக் கயிற்றில் கை வைத்தான். வீரலட்சுமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை எடுத்து அவளே அவனுக்கு மாட்டிவிட்டாள்.

"கயிறை விடுங்க. சேட்டனை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்றாள். "அது ஃபிளாட் இல்லீங்க, கப்பல். அதுல உள்ளவங்க சட்டையெல்லாம் நேத்து நான்தான் இஸ்திரி போட்டேன்; காலையில கிளம்பிடும்னு தெரிஞ்சேதான் உங்களுக்கு அதைக் கை காட்டினேன்."