பூரிப்பு

பெருநகர் கிராமத்தில் என் அக்கா ஜெயப்பிரியாவுக்கு வளைகாப்பு. வீங்கின கையில் கண்ணாடி வளையல் ஏற மறுக்கிறது. “எப்பிடி பூரிச்சிக்கினு கீறா பாரு, ஆம்பளப் புள்ளதான்” என்று அத்தை சிரிக்கிறாள். காலையிலிருந்து தலைவலி என்று அக்கா சொல்வது ஒருத்தி காதிலும் விழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் கூட்டி வந்த கிராம நர்ஸ் சித்ரா, அக்காவின் கணுக்காலை அழுத்துகிறாள். விரலை எடுத்தும் குழி மூடவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறாள். “இது பூரிப்பு இல்ல, பிரஷர். வலிப்பு வந்தா தாயும் புள்ளையும் சேந்தே போயிடும். ஆம்புலன்ஸ் கூப்புடுங்க.” சிரிப்பு அடங்குகிறது. வயிற்றில் குழந்தையின் இதய ஒலி கேட்கும் கருவியை வைக்கிறாள். ஈர வயலில் கன்றுக்குட்டி ஓடுவதுபோல் ஒரு துடிப்பு, கூடம் முழுக்க நிறைகிறது. “இன்னாம்மா, இந்த ஓட்டம் ஓடுது” என்று அத்தை முணுமுணுக்கிறாள். “அது ஓடிக்கினுதான் கீது” என்கிறாள் சித்ரா. “நாமதான் இன்னும் குந்திக்கினு கீறோம்.”